வீட்டுக்கு ஒரு பிரதிநிதி

அமெரிக்காவில் தேர்தல் வந்துவிட்டால் பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில் வள்ளிநாயகியின் வீட்டில் சோறு குழைந்துவிடும். உலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போவாள். புருஷன் வாமதேவன் அடுப்படியில்தான் நிற்பார், ஆனால் கண் முழுக்கக் கைத்தொலைபேசியில் இருக்கும். அங்கே ஏதோ ஒரு மாநிலத்தில் யாருக்கோ பிரதிநிதிகள் கூடியிருப்பார்கள். அவர் அதைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் பானையில் கஞ்சிதான் இருக்கும்.

இத்தனைக்கும் வாமதேவன் அமெரிக்காவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. ரூ பெர்தொனேத் தெருவில் ஒரு நகைக்கடையில் விற்பனையாளராக வேலை. தாலிக்கொடி பார்க்க வந்தவர்களுக்குக்கூட அயோவாவில் என்ன நடந்தது என்று சொல்லி அனுப்புகிற மனிதர். முதலாளி இரண்டு தரம் எச்சரித்துவிட்டார். வள்ளிநாயகி எத்தனை தரம் எச்சரித்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. நல்ல மனிதர், குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, இந்த ஒரு பைத்தியம்தான் என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள். ஆனால் அந்தப் பைத்தியம் வீட்டு வாசலைத் தாண்டி ஊர்ச் சங்கத்துக்குள் போகும் என்று அவள் நினைக்கவேயில்லை.

சங்கம் என்றால் பூவரசந்துறை மக்கள் ஒன்றியம். இலங்கையில் வேதக்காரரும் சைவக்காரரும் கலந்த ஊர் அது. பிரான்சில் அந்த ஊர்க்காரர் பாரிஸில் லா சப்பலைச் சுற்றியும் புறநகரான எபினேயிலும் இன்னும் நாலு இடங்களிலும் சிதறிக் கிடக்கிறார்கள். வள்ளிநாயகி பள்ளிக்கூட உணவுச்சாலையில் வேலை செய்பவள். பள்ளி இல்லாத நாளெல்லாம் சங்கத்துக்குத்தான் போனது. மண்டபம் பிடிப்பது, விளையாட்டுப் போட்டிக்கு அனுமதி எடுப்பது, நூறு பேருக்குச் சமைப்பது எல்லாம் அவள். மேடையில் மாலை வாங்குவது மட்டும் யேசுரட்ணம். ரூ பெர்தொனேயில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஆளைக் கண்டால் சிரிப்பார், கேட்டவனுக்கு வேலை கொடுப்பார், எதைக் கேட்டாலும் "பாப்பம் தங்கச்சி" என்பார். அந்தப் "பாப்பம்" என்ற சொல்லைக் கேட்டாலே வள்ளிநாயகிக்கு நெஞ்செரிவு வரும்.

நெஞ்செரிவுக்குக் காரணம் ஓர் அறை. எபினேயில் நகரசபைக்குச் சொந்தமான கீழ்மாடி அறை. கலியாணம் கட்டிப் புதிதாக வந்து இறங்குகிற பெண்பிள்ளைகள் பிரெஞ்சு வகுப்புக்குப் போயே ஆகவேண்டும். கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? வள்ளிநாயகிக்கே அந்தக் கதைதான். வந்த புதிதில் பிள்ளையோடு வகுப்புக்குப் போய், பிள்ளை அழ, வாத்தியார் பார்த்த பார்வையில் எழும்பி வந்தவள். இன்றைக்கும் அவள் பேசுகிற பிரெஞ்சு சந்தையில் பொறுக்கின பிரெஞ்சு. அதனால் எபினேப் பெண்கள் சிலர் முறைவைத்துக் குழந்தைகளைப் பார்க்க ஓர் இடம் கேட்டு, அவள் நகரசபைக்கு நடையாய் நடந்தாள். கிடைத்தும் விட்டது. ஜூன் முடியுமுன் சங்கத் தலைவர் கையெழுத்து வைத்து முத்திரை குத்திக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அறை வேறொரு சங்கத்துக்குப் போய்விடும்.

யேசுரட்ணம் தாளை வாங்கிப் பார்த்தார், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

"பாப்பம் தங்கச்சி. நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்து மண்டையை உடைச்சால், கையெழுத்து வைச்சவன்தானே கோட்டுக்குப் போகோணும்?"

"அதுக்குக் காப்புறுதி இருக்கண்ணை."

"ஓம் ஓம். பாப்பம்."

அன்றைக்குத்தான் வள்ளிநாயகி தீர்மானித்தாள். கையெழுத்துக்காக ஒருவரின் பின்னால் திரிவதைவிடக் கையெழுத்து வைக்கிற ஆளாகத் தானே வந்துவிடுவது. வருகிற தெரிவில் தலைவர் பதவிக்குத் தான் கேட்கப்போவதாகப் புருஷனிடம் சொன்னாள். அறைக்காகத்தான் என்று சொன்னாள். அது பாதி உண்மை. இத்தனை வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு ஒருநாளாவது மேடையில் இருக்க ஆசை இருந்தது, அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வாமதேவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவி போட்டியிடுகிறாள் என்பதற்காக அல்ல. தேர்தல் ஒன்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதே என்பதற்காக.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றார். பொதுக்கூட்டம் எப்போதும் லா சப்பலில்தான் நடக்கிறது, எபினேச் சனம் வேலை முடிந்து வந்து சேருமுன் தலைவர் தெரிவாகிவிடுகிறார், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். கேள்வி சரியான கேள்விதான். எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

"அங்கை ஒரு கட்சிக்கு வேட்பாளர் ஆரெண்டு சனம் நேரை தெரியிறேல்லை. ஒவ்வொரு மாநிலமா வாக்குப் போடுவினம். விழுந்த வாக்குக்கு ஏத்தமாதிரி வேட்பாளருக்குப் பிரதிநிதியள் கிடைப்பினம். நூற்றுக்குப் பதினைஞ்சுக்குக் குறைய எடுத்தால் ஒண்டும் இல்லை. பிறகு கோடைக்கு எல்லாப் பிரதிநிதியளும் ஒரு மண்டபத்திலை கூடி, எழும்பி நிண்டு பேர் சொல்லுவினம். அங்கைதான் ஆள் முடிவாகிறது."

"அந்தப் பிரதிநிதி மாத்திச் சொன்னால்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"முதல் சுற்றிலை சொல்லமாட்டினம். இன்னாருக்கெண்டு வாக்குறுதி குடுத்திட்டு வந்தவை. ஒருத்தருக்கும் பாதிக்கு மேலை வராட்டித்தான் ரெண்டாம் சுற்று. அதிலை அவை தங்கடை விருப்பம். போன வருசம் பாத்தியள்தானே? வேட்பாளர் இடையிலை விலக, அவருக்கெண்டு வந்த ஆயிரக்கணக்கான பிரதிநிதியள் ரெண்டு மூண்டு நாளிலை புது வேட்பாளர் பக்கம் திரும்பினவை."

கட்சிப் பெரியவர்களுக்கு இரண்டாம் சுற்றில் தனியாக வாக்கு உண்டு என்றும் அவர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த பழைய தலைவர்கள் நாலுபேரும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வள்ளிநாயகி முதல் வேலையாக அவர் எழுதிவைத்திருந்த விதிகளிலிருந்து அந்தப் பந்தியை வெட்டுவித்தாள். வெட்டினால்தான் இரவுச் சாப்பாடு என்று சொன்னாள், வெட்டிவிட்டார்.

இப்படியாக, இடம் இடமாக வாக்கெடுத்து ஒன்றியத்துக்கு இருபத்தொரு பிரதிநிதிகள் என்று முடிவானது. யேசுரட்ணமும் "பாப்பம்" என்றார், அதை எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதாக ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் கிங்ஸ்டன் என்ற இளைஞனும் போட்டிக்கு வந்தான். நாலாவதாக வந்தவர் பதினைந்து வீதத்தைத் தொடாமல் விழுந்து, வாமதேவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நகைக்கடைக்கு முன்னால் வந்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போகிறார்.

எபினேயில் வாக்கெடுப்பு நடந்த சனிக்கிழமை மாலை வள்ளிநாயகியின் வாழ்க்கையில் ஒரு நல்ல நாள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வாக்குப் போட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹோட்டல்களில் அறை துப்பரவு செய்பவர்கள். தயாளினி என்பவள் வேலைச் சப்பாத்தோடேயே வந்து, "அக்கா, இந்தமுறை நீங்கள்தான்" என்று கையைப் பிடித்தாள். வள்ளிநாயகிக்கு எபினேயிலிருந்து கிடைத்த பிரதிநிதி இடங்களுக்குத் தயாளினியும் மற்றப் பெண்களுமே பெயர் கொடுத்தார்கள். எல்லா இடமும் முடிந்து கூட்டிப் பார்த்தபோது வள்ளிநாயகிக்குப் பத்து, யேசுரட்ணத்துக்கு எட்டு, கிங்ஸ்டனுக்கு மூன்று. பாதிக்கு மேலே என்றால் பதினொன்று. ஒன்று குறைவு! அந்த ஒன்றை நினைத்து வாமதேவன் இரவெல்லாம் புரண்டார், அவளையும் தூங்கவிடவில்லை.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மார்க்ஸ் டோர்மோயில் மண்டபம் எடுத்துப் பிரதிநிதிகளைக் கூட்டினார்கள். வாமதேவன் இடங்களின் பெயர்களைப் பெரிய எழுத்தில் மட்டையில் எழுதித் தடியில் கட்டி நட்டிருந்தார். அமெரிக்காவில் அப்படித்தானாம். வள்ளிநாயகி வடையைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். தலைவர் பதவிக்கு நிற்கிறவளே வடையும் சுடவேண்டியிருக்கிறது, இதற்கு அமெரிக்காவில் என்ன விதி என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

மண்டபத்துக்குள் வந்தவள் "எபினே" என்ற மட்டையைப் பார்த்தாள். அதன் கீழே இருந்த கதிரைகளில் ஒரு பெண்கூட இல்லை. தயாளினியின் இடத்தில் அவள் புருஷன் சுரேன் இருந்தான். பக்கத்தில் யோன், அவனுக்கு அங்கால் இன்னும் மூன்று பேர். எல்லாரும் அவளுக்குப் பெயர் கொடுத்த பெண்களின் புருஷன்மார்.

"பொம்பிளையள் எங்கை?" என்று வாமதேவனிடம் கேட்டாள்.

"அவைக்கு இண்டைக்கு வேலையாம். ஞாயிறு ஹோட்டல் நிறைஞ்சிருக்கும்தானே. வீட்டிலையிருந்து ஒராளை அனுப்பியிருக்கினம்."

"ஆர் அப்பிடி அனுப்பலாம் எண்டது?"

"நான்தான் விதியிலை போட்டனான். பிரதிநிதிக்கு வரேலாட்டி வீட்டிலை ஒராள் வரலாம்."

அவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஊரில் கலியாணமோ செத்தவீடோ வீட்டுக்கு ஓர் அழைப்பு, வீட்டிலிருந்து ஒருவர் வந்தால் எல்லாரும் வந்த கணக்கு. சங்கத்துச் சந்தாவே குடும்பத்துக்கு ஒன்றுதான். தயாளினி வந்தால் என்ன, சுரேன் வந்தால் என்ன? வள்ளிநாயகிக்கும், உண்மையைச் சொன்னால், அந்த விதியை முதலில் வாசித்தபோது ஒன்றும் உறைக்கவில்லை, பிறகு மறந்தும் போயிற்று. இப்போதுதான் உறைத்தது.

முதல் சுற்று எழுதி வைத்தபடி நடந்தது. ஒவ்வொருவராக எழும்பிப் பெயர் சொன்னார்கள். சுரேன் எழும்பி, யேசுரட்ணம் இருந்த பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "வள்ளிநாயகி அக்கா" என்று சொல்லி டக்கென்று உட்கார்ந்தான். பத்து, எட்டு, மூன்று. யாருக்கும் பதினொன்று இல்லை. தேநீருக்குப் பிறகு இரண்டாம் சுற்று என்று வாமதேவன் ஒலிவாங்கியில் அறிவித்தார். அந்தக் குரலில் இருந்த பூரிப்பைப் பார்த்தால் ஒருவருக்கும் பதினொன்று வராமல் போகவேண்டும் என்று நேர்த்தி வைத்திருந்தாரோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மேடையிலிருந்து ஓட்டமாக இறங்கி வந்தார்.

"கேட்டீரே? கிங்ஸ்டன்ரை மூண்டுபேரும் ரெண்டாஞ்சுற்றிலை உமக்குத்தானாம். பத்தும் மூண்டும் பதின்மூண்டு! முடிஞ்சுது அலுவல்."

வள்ளிநாயகி வடைத்தட்டை எடுத்துக்கொண்டு எபினேக் கதிரைகளுக்குப் போனாள். அவள் கிட்டப் போகப் பேச்சு நின்றது. சுரேன் வடையைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. யோன் மட்டும் எழும்பி நின்றான். வெள்ளைமனம் கொண்டவன், ஒளிக்கத் தெரியாது.

"அக்கா, குறை நினையாதேங்கோ. மனுசி சொல்லிவிட்டபடி முதல்தரம் உங்கடை பேரைச் சொல்லிப்போட்டன். ரெண்டாந்தரம் எங்கடை விருப்பமெண்டு வாமதேவன் அண்ணைதானே சொன்னவர். யேசுரட்ணம் அண்ணை எனக்கு விசா இல்லாத காலத்திலை சோறு போட்ட மனுசன். அவருக்கு முன்னாலை நிண்டு எப்பிடி..."

"மற்றவையும் அப்பிடியோ?"

யோன் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. சுரேன் யேசுரட்ணத்தின் கடையிலேயே வேலை செய்கிறவன், அவனிடம் கேட்கவே தேவையில்லை.

வள்ளிநாயகி தட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் வாமதேவன் திரும்பினார்.

"உங்கடை பதின்மூண்டிலை என்ரை ஆக்கள் எத்தினை?"

"எல்லாரும் உம்முடை..."

"எபினேக் கதிரை என்ரை. கதிரையிலை இருக்கிறவை யேசுரட்ணம் அண்ணையின்ரை ஆக்கள்."

அவர் முகம் மெல்ல மாறியது. "அங்கையும் இந்தப் பிரச்சினை இருக்கு. ஒரு கட்சியிலை சில மாநிலங்களிலை நடந்திருக்கு. ஒருத்தருக்கெண்டு வாற பிரதிநிதியின்ரை மனம் மற்றவரிட்டை இருக்கும். முதல் சுற்று முடிய மாறத் தயாரா இருந்தவை. அதுதான் மற்றக் கட்சியிலை வேட்பாளரின்ரை ஆக்களே பிரதிநிதியளின்ரை பேரை முதலே பாத்து, பிடிக்காத பேரை வெட்டிப்போடுவினம்."

"அந்த விதியை ஏன் இஞ்சை வைக்கேல்லை?"

"என்னப்பா நீர்? ஊர்ச்சனத்தை, வீட்டு ஆக்களை, வேண்டாம் எண்டு எப்பிடி வெட்டுறது?"

வள்ளிநாயகிக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. அமெரிக்காவிலிருந்து மட்டையும் தடியும் கொண்டுவரத் தெரிந்த மனிதன், வேண்டிய ஒன்றை மட்டும் வெட்கப்பட்டு விட்டுவிட்டு வந்திருக்கிறார். கத்தவில்லை. கத்த நேரமில்லை. தேநீர் முடிந்தால் அந்தப் புருஷன்மார் ஐந்துபேரும் ஒவ்வொருவராக எழும்பி யேசுரட்ணம் என்று சொல்லப்போகிறார்கள். எட்டும் ஐந்தும் பதின்மூன்று. அதோடு பதவியும் போகும், அறையும் போகும்.

அப்போது யேசுரட்ணம் மண்டபத்தின் மற்ற மூலையில் கிங்ஸ்டனோடு பேசிக்கொண்டிருப்பதைக் கண்டாள். பேச்சு முடிந்து திரும்பியபோது அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தார். கிங்ஸ்டனின் மூன்று அவளுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவரும் பதின்மூன்று என்றுதான் எண்ணுகிறார். யோன் சொன்னது அவருக்குத் தெரியாது. எபினேக் கதிரைகளில் தன்னுடைய ஆட்கள் இருப்பதை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் அவருக்கு விளங்கவில்லை. முதல் சுற்றில் சுரேன்கூட அவளுடைய பெயரைச் சொன்னானே!

வள்ளிநாயகி கைப்பையிலிருந்து நகரசபைத் தாளை எடுத்தாள். நேரே போய் அவரை மண்டபத்துக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அண்ணை, எனக்குப் பத்து. கிங்ஸ்டன்ரை மூண்டு. நீங்களே எண்ணிப் பாத்திட்டியள்."

"ஓம் தங்கச்சி," என்றார் யேசுரட்ணம். குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு காலம் இருந்திட்டு, சனத்துக்கு முன்னாலை..."

"நான் விலகிறன்."

அவர் நம்பாமல் பார்த்தார்.

"மேடையிலை ஏறி, நீங்களே இருங்கோ எண்டு சொல்லுறன். ஆனா இது முதல்லை. இப்ப. இந்த நிமிசம்வரைக்கும் நீங்கள்தான் தலைவர், உங்கடை கையெழுத்து செல்லும்."

யேசுரட்ணம் தாளைப் பார்த்தார், வாய் பழக்கத்தில் "பாப்..." என்று தொடங்கியது. வள்ளிநாயகி பேனையை நீட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். குசினி மேசையில் வடைத்துகளைத் தட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார். சங்கத்து முத்திரையை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறவர், அதையும் எடுத்துக் குத்தினார். அவள் மை காயும்வரை ஊதிவிட்டுத் தாளை மடித்து வைத்தாள்.

பிறகு மேடையில் ஏறிச் சொன்னாள். மூன்று வரிதான். மூன்றாவது வரியில் குரல் உடைந்துவிட்டது, அது அவளுக்கே எதிர்பாராதது. இந்த மேடைக்கு இவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேனா என்று அப்போதுதான் தெரிந்தது. கீழே எபினேக் கதிரைகளில் கைதட்டல் பலமாக இருந்தது. பெருமூச்சும் கைதட்டலும் கலந்த சத்தம். தங்கள் மனுசிமாருக்குப் பதில் சொல்லவேண்டிய ஒரு காரியத்திலிருந்து தப்பிவிட்ட மனிதர்களின் கைதட்டல் அது. இரண்டாம் சுற்றில் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். யேசுரட்ணத்துக்கு மாலை விழுந்தது. வாமதேவன் மட்டும் மேடையின் ஓரத்தில், தேர்தலில் தோற்றவர் போல நின்றார். தோற்றது அவளல்லவா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் வேலை முடித்த எபினேப் பெண்கள் சிலர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள். தயாளினி வாசலிலேயே யேசுரட்ணத்தின் கழுத்து மாலையைக் கண்டுவிட்டாள்.

"என்னக்கா இது? விலகினனீங்களாம்! நாங்கள் பத்துப்பேர் உங்களுக்கெண்டு இருந்தனாங்கள்தானே?"

"அறைக்குக் கையெழுத்து வாங்கியாச்சு தயாளினி. நாளைக்கே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"அது நல்லதுதான். ஆனா எங்களைக் கேக்காமல் எப்பிடி விடுவியள்? எத்தினை பேரிட்டை நடந்து வாக்குச் சேத்தனாங்கள். எங்கடை வாக்கைக் கொண்டுபோய் அவருக்கே குடுத்திட்டியளே!"

அவள் கண்கள் கலங்கியிருந்தன. பின்னால் நின்ற பெண்களும் அதே கேள்வியோடு பார்த்தார்கள். சுரேன் இரண்டு கதிரைக்கு அப்பால் நின்றான், கேட்டும் கேளாதவன் போல. வள்ளிநாயகிக்கு அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தவேண்டும் போல வந்தது. உன்ரை புருஷனிட்டைக் கேள் என்று சொல்ல வாய் உன்னியது. சொன்னால் இன்றைக்கு எபினேயில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று நினைத்துப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள். ஆனால் முழுவதையும் விழுங்க முடியவில்லை.

"தயாளினி," என்றாள். "நீங்கள் என்னை அனுப்பினனீங்கள். ஆனா நீங்கள் வரேல்லை. அடுத்தமுறை வேலையைச் சொல்லி மாத்திப்போட்டு நீங்களே வாங்கோ. வீட்டிலை ஒராளை அனுப்பாதேங்கோ."

தயாளினி வள்ளிநாயகியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பிச் சுரேனைப் பார்த்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

சுரேன் குனிந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கினான். அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவன் கதிரை அடுக்கியதில்லை.